ஆந்தை உமிழ்ந்த உருண்டை

நெப்ராஸ்காவில் பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
பனியும் முள்கம்பியும்தான்.
ஆறு, ஏழு, எட்டு எல்லாம் ஒரே அறை; பதினொரு பேர்.

அக்டோபரில் எங்கள் களஞ்சியத்தில் பொறுக்கி
அடுப்பில் சுட்டெடுத்த உருண்டைகளை
ஆளுக்கொன்றாய் வைத்தார் ஹல்வர்சன் டீச்சர்.
"சாணமா?" என்றான் வெண்டல்.
"வாந்தி" என்றார், முகம் மாறாமல்.

மயிர்ப்பஞ்சைப் பிரிக்கப் பிரிக்க
அரிசி நொய் மாதிரி எலும்புகள்.
கறுப்புத் தாளில் பசை தொட்டு அடுக்கினோம்:
தாடை, விலா, ஊசிபோல் ஒரு தொடை.
வெண்டலின் எலிக்கு இரண்டு தலை.
"கிடைத்ததை ஒட்டு" என்றார்.

என் இடுக்கியில் ஏதோ டிக்கென்றது.
அலுமினிய வளையம்.
சட்டையில் தேய்த்து எண்ணைப் படித்தேன்.
பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர்
ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

போன மே. புல்வெளிக் குருவி, ஆண்.
பதினேழு கிராம்.
கையில் பிடித்திருந்தவர்: ஆர்லா குசெரா.
நான்தான்.

அன்று என் பெருவிரலுக்கு அடியில்
அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.
சிறகு இல்லை. அதற்கும் உள்ளே.

தாளில் இடம் மிச்சமிருந்தது.
எலித் தாடைக்குப் பக்கத்தில்
வளையத்தை வைத்தேன்,
பசை போடாமல்.

சாப்பாட்டு மணி அடித்தது.
கையை இரண்டு தடவை கழுவச் சொன்னார்.
ஒரு தடவைதான் கழுவினேன்.