பதினோரடி நான்கங்குலம்

டுலூத்தில் ஏரியைப் பார்த்த ஹோட்டல்,
அதில் ஏரியைப் பார்க்காத ஓர் அறை.
மார்ச் மாதம். வெளியே பனி பாதி கரைந்து
பாதி மனம் மாறி நிற்கிறது.
என் கழுத்து அட்டையில்: டாக்னி கோல்ஸ்டாட்,
கட்டுமான மேற்பார்வை, இருபத்தாறு வருடம்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்
தன் பெயரை மார்க்கரால் தானே எழுதியிருந்தார்.
படிக்கத் தேவையிருக்கவில்லை.
முப்பத்தொரு கடிதங்களின் அடியில் பார்த்த கையெழுத்து.

ப்ரென்டிஸ் ஆய்லர், ஆர்க்கிடெக்ட்.
ஹிப்பிங் பள்ளிக்கூடம், மேற்கு நடைக்கூடம்.
அவருடைய ஒரு வரைபடத்தில் இரும்பு உத்தரம்
தரையிலிருந்து பதினோரடி நான்கங்குலத்தில்.
அவருடைய இன்னொரு வரைபடத்தில் காற்றுக் குழாய்
தரையிலிருந்து பதினோரடி நான்கங்குலத்தில்.
காகிதம் எதையும் மறுப்பதில்லை.

நான் எழுதினேன்: எங்கள் வேலையில் இது சேராது.
அவர் எழுதினார்: வரைபடத்தில் உள்ளபடி.
நான் எழுதினேன்: எந்த வரைபடத்தில்?
பிறகு வக்கீல்கள் எழுதினார்கள்.
அவர்கள் வாக்கியங்களில் உத்தரமும் இல்லை, குழாயும் இல்லை,
தேதிகள் மட்டும்.
கடைசியில் குழாய் குனிந்தது,
உட்கூரை அதற்கும் கீழே குனிந்தது,
பள்ளி வாரியம் பணத்தைத் தேடிக் குனிந்தது.
நாங்கள் இருவரும் நிமிர்ந்தே இருந்தோம்.

"இங்கே ஒரே ஒப்பந்தம்" என்றார் ரூத்தான் போவி,
பாதி வாழ்க்கையைக் கழிவுநீர் ஆலைகளில் கழித்தவர்.
"வரைபவரும் கட்டுபவரும் ஒரே கையொப்பத்துக்குள்.
நீ அவனைக் காட்ட, அவன் உன்னைக் காட்ட
விரலுக்கு இடமில்லை."
லிஃப்ட் பழுது என்று அறிவிக்கிற குரலில் சொன்னார்.
ஆய்லர் குறிப்பெடுப்பதுபோலத் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன்.
படகு வரைந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி:
சின்ன ஊருக்கு ஒரு நூலகம்.
கட்டுபவர் வரைய வேண்டும், வரைபவர் விலை போட வேண்டும்.
ஜனவரி கான்கிரீட்டுக்கு மூன்று நாள் என்று எழுதினார்.
"மைனஸ் இருபதிலா?" என்றேன்.
"கூடாரம்? ஹீட்டர்? டீசல்? ராத்திரி முழுக்கக் காவல்?"
அழித்தார். வெகுநேரம் அழித்தார்.

நான் வரைந்தது நன்றாகவே வந்தது.
கிழக்கே பெரிய ஜன்னல், அறுபது பேருக்கு வாசிப்பறை.
ஆய்லர் பென்சில் முனையை நடுவில் வைத்தார்:
"இவர்கள் மூச்சு விட வேண்டாமா?"
குழாயை மறந்திருந்தேன்.
ஒன்றுகூட இல்லை.
அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் தேர்வு. நாற்பத்தேழாம் கேள்வி:
உத்தரமும் குழாயும் ஒரே உயரத்தில் மோதினால்
பொறுப்பு யாருடையது?
அ, உரிமையாளர். ஆ, ஆர்க்கிடெக்ட்.
இ, குழாய் போட்டவர்.
ஈ, வடிவமைத்துக் கட்டும் நிறுவனம்.
ஈ என்று அழுத்தினேன்.
உறுதிதானா என்றது திரை.
அதை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆறு வாரத்தில் தபாலில் சான்றிதழ் வந்தது,
பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நான்கு எழுத்துகள்.
"சம்பளம் ஏறுமா?" என்றான் ஃபோர்மேன் ஹார்லன்.
அது தேர்வில் வரவில்லை.

மே மாதம் ஆய்லர் போன் செய்தார்:
"ஹிப்பிங் வரை போய் வரலாமா?"
என் டிரக்கில் போனோம், அதிகம் பேசவில்லை.
சுரங்கத்துச் செம்மண் கண்ணாடியில் படிந்தது.

மேற்கு நடைக்கூடம். மணி அடித்தது.
பையன்கள் ஓடி வந்தார்கள், அந்த இடத்தில் மட்டும்
ஒவ்வொருவனாக எம்பி
உட்கூரையை ஓர் அறை அறைந்துவிட்டுப் போனார்கள்.
வெள்ளைப் பலகை உள்ளங்கைகளால் கறுத்திருந்தது.
ஒரு குள்ளப் பையன் மூன்று முறை தவறவிட்டான்.
நான்காவதில் விரல்நுனி பட்டது.
யாரையும் பார்க்காமல் வகுப்புக்குள் ஓடினான்.

ஆய்லர் டேப்பை எடுத்தார்.
எட்டடி இரண்டங்குலம்.
எந்த வரைபடத்திலும் இல்லாத அளவு.
எதில் எழுதுவது என்று தெரியாமல்
அண்ணாந்தபடி நின்றார்.
டேப்பின் மறுமுனையைத் தரையில் அழுத்தி
நான் குனிந்திருந்தேன்.