இருபத்து நான்கு தவணை நீலம்

வால்பரைசோவில் கீழே விழுவது சுலபம்.
ஊரே படிக்கட்டு.
ஆரஞ்சு விழும், தொப்பி விழும்,
குடித்தவர் விழுவார், எழுந்து போய்விடுவார்.
செல்போன் எழாது.
என் கடை ஓடுவது அதனால்தான்.

மீன்துறையில் குடல் கிழிக்கும் ஓர்மிந்தா
செதிள் ஒட்டாத உறை கேட்பாள்.
அப்படி ஒன்று இல்லையென்று
இருவருக்கும் தெரியும். வாங்குவாள்.
சட்டம் படிக்கும் பையன் ஒருவன்
விலையுயர்ந்த போனுக்கு
ஏழை வேஷம் கேட்டான்,
திருடன் பார்த்துப் பாவப்பட வேண்டுமாம்.
காதலன் பெயர் போட்டது வாங்கிப்போனவள்
மூன்றாம் வாரம்
பெயரில்லாதது வாங்க வந்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

பேருந்து ஓட்டும் நோல்பெர்த்தோ
புதுப்போனைப் பெட்டியோடு கொண்டுவந்தார்.
இருபத்து நான்கு தவணை.
நீலத்துக்கு மட்டும் பதினைந்தாயிரம் பேசோ கூடுதல்.
"கறுப்பும் இருந்தது, வேண்டாமென்றேன்.
இந்த நீலத்தைப் பாருங்கள்,
புயலுக்கு முந்தின நாள் கடல்."
பார்த்தேன்.
பிறகு, இருப்பதிலேயே தடித்த
கறுப்பு உறையை எடுத்து
அவரே மாட்டிக்கொண்டார்.
நீலத்தின் மேல் கடைசியாகப் பட்டது
அவர் மூச்சு,
துடைப்பதற்காக ஊதியது.

இன்று விற்க வந்திருக்கிறார்.
மகளின் பல்லுக்குக் கம்பி போடவேண்டுமாம்.
விளிம்பில் நகம் நுழைத்து
நண்டோடு பெயர்ப்பதுபோல் பெயர்த்தேன்.
"யாருடையது இது?" என்றார்.

கீறல் இல்லை, தழும்பு இல்லை.
ஒருநாளும் தண்ணீரில் இறங்காத படகு மாதிரி
அந்த நீலம் அப்படியே இருந்தது.
நல்ல விலை போட்டேன்.
இனிமேல் வரப்போகும்
முகம் தெரியாத ஒருவனுக்காகத்தான்
இவர் மாதாமாதம் தவணை கட்டினார் என்பது
எனக்கே அப்போதுதான் உறைத்தது.
சொல்லவில்லை.
பணத்தை இரண்டாம் முறை எண்ணினேன்.

போனை அவர் திரும்பப் பார்க்கவில்லை.
உறையைத்தான் எடுத்தார்.
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
வழவழத்த மூலை,
படியில் உருண்ட நாலைந்து காயம்,
ஸ்டியரிங் வியர்வையின் பிசுபிசுப்பு.
"இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?
இரண்டு வருஷமாய்
இதைத்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்."

காசு கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்,
என் புத்தி அப்படி.
தலையாட்டினேன்.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
ஒவ்வொரு படியாக இறங்கினார்,
இனி விழுந்தாலும் உடைய ஏதுமில்லாத ஒன்றை
மறு கையில்
இறுக்கிக்கொண்டு.