சத்தம் போடாதது

பில் இன்னும் டாஷ்போட்டில் கிடக்கிறது, நான்காய் மடித்து.
எஞ்சின் ஓயில், ஓயில் பில்டர், எயார் பில்டர்,
பிளக் நாலு, கூலன்ட், பிரேக் ஓயில்,
ஃபான் பெல்ட் – பக்கத்தில் ‘ஜப்பான் ஒறிஜினல்’ என்று
அடிக்கோடிட்டு.
கூலியோடு எழுபத்தெட்டாயிரத்து நானூறு.
நானூறைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன்.
குறைத்தார்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை,
பண்ணைப் பாலத்தின் நடுவில்
முதலில் ஒரு கீச்சு.
கொக்கு என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன்.
கொக்கு காருக்குள் வந்துவிட்டது.
பிறகு ஓர் அடி, உள்ளேயிருந்து,
யாரோ பொனற்றைத் தட்டித் திறக்கச் சொன்னது போல.
பற்றறி விளக்குச் சிவந்தது.
சூட்டு முள் எழும்பியது,
விடை தெரிந்த பிள்ளையின் கையாய்
விடாமல்.
ஓரங்கட்டினேன்.

இரண்டு பக்கமும் கடல், முழங்காலளவு.
பக்கத்துச் சீற்றில் விவாகப் பதிவுப் புத்தகம்,
பெல்ட் போட்டு இருத்தியபடி.
வேலணையில் ஒரு பெட்டையும் பொடியனும்
பத்தரைக்கு முன்னம் கையெழுத்து வைக்க வேண்டும்.
பிறகு இராகுகாலம்.

நேசரட்ணத்துக்கு அடித்தேன்.
அவர் வரும்வரைக்கும் வெயிலில் நின்று
வசனங்களைப் பழுக்க வைத்தேன்:
முழுச் சேர்விஸ் எண்டனீங்கள்.
ஒரு வருசத்துக்குப் பொனற் திறக்கத் தேவையில்லை எண்டனீங்கள்.
எண்டனீங்கள், எண்டனீங்கள்.

மோட்டச்சைக்கிளை விட்டு இறங்கியவர்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
தோள்வரை கையை விட்டு,
சினைமாட்டைச் சோதிக்கிற வைத்தியர் போலக்
கண்ணை மூடித் தடவினார்.
சாவி போட்டுக் கழற்றி எடுத்தது
உள்ளங்கையளவு ஒரு சில்லு.
சுற்றிக் காட்டினார்.
அது சுற்றவில்லை.

“பெல்ட் புதுசு, அக்கா. நல்லா இழுத்துப் பிடிக்கும்.
இந்தப் பெயரிங் பழசு. பழைய பெல்ட்டின்ரை தளர்வுக்குப் பழகினது.
அதோடையே விட்டிருந்தா
இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்கும்.”
“அப்ப ஏன் இதையும் மாத்தேல்லை?”
“இது சத்தம் போடேல்லையே.”

என் கோபத்துக்கு அது போதாது.
ஆனால் வேறு பதில் அவரிடம் இல்லை,
எனக்கும் நேரம் இல்லை.
புத்தகத்தை நடுவில் வைத்து அவருக்குப் பின்னால் ஏறினேன்.
அல்லைப்பிட்டி தாண்டப் பத்து பதினொன்று.

பந்தலில் எல்லாருக்கும் வாய் இருந்தது.
மாமன்மார், வீடியோக்காரன்,
என் சேலையில் கிறீஸ் கண்டுபிடித்த பெரியம்மா.
சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
சொந்த விருப்பத்தோடுதானா?
மாப்பிள்ளை கேட்டு முடிய முன்னம் “ஓம்.”
அவள் தலையாட்டினாள்.

பதினாலு வருசமாய் எனக்குத் தலையாட்டல் போதும்.
எத்தனை தலைகள், எத்தனை பக்கங்கள்.
அன்றைக்குப் பேனையை மூடினேன்.
“பிள்ளை, வாயாலை சொல்லுங்கோ.”
பத்து இருபத்தாறு.
யாரோ மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.
“சத்தமாய்.”

அவள் நிமிர்ந்தாள்.
“ஓம் எண்டுதானே சொல்லுறன்,” என்றாள்,
நல்ல எரிச்சலோடு.
அந்த எரிச்சல் எனக்குப் பிடித்துக்கொண்டது.
எழுதினேன்.

பின்னேரம் புது பில்.
பெயரிங் ஒன்று, பெல்ட் ஒன்று,
பதினோராயிரத்து இருநூறு.
கூலி என்ற இடத்தில் வெறும் கோடு.
இருநூறைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன்.
குறைக்கவில்லை.