பாஸ்

கடைசிச் சுற்று எட்டரைக்கு முடிந்தது.
பிரஷர் குக்கரை அட்டுவம்பட்டிப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்.
கைதட்டல் ஓய்ந்ததும்
கதவைத் திறக்கப் போன சூசைராஜ்
திறந்த வேகத்தில் சாத்தினான்.

வெளியே, ஒற்றைக் குழல்விளக்கின் கீழ்
மூச்சால் பனியைக் கிளறிக்கொண்டு
ஒரு டன் எடை நின்றிருந்தது.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை.

"காட்டெருமை" என்றார் யாரோ.
"தவறு" என்றாள் பெனட்டா, மைக்கைக் கீழே வைக்காமல்.
பகலெல்லாம் தபால் நிலையத்தில்
முத்திரை குத்துகிறவள்;
பேச்சும் அப்படித்தான் விழும்.
"எருமையே இல்லை. மாட்டு இனம்.
பழைய பெயர் ஆமான். மைனஸ் ஐந்து."

மதிப்பெண் எழுதுகிறவன் நான்.
யார் கணக்கில் கழிப்பதென்று புரியாமல்
பலகை ஓரமாய் ஒரு ஐந்தை எழுதி
அடித்து வைத்தேன்.

வனத்துறைக்குப் போன் போட்டோம்.
"நீங்க உள்ளதானே இருக்கீங்க,
அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன.
பெனட்டா உபரிக் கேள்விகளின் உறையைப் பிரித்தாள்.

மேளகர்த்தா எத்தனை? எழுபத்திரண்டு.
ரிப்பன் மாளிகை என்ன நிறம்? வெள்ளை.
மதுரைக் கோயிலில் உயரமான கோபுரம்?
தெற்கு, தெற்கு, நான்தான் முதலில் அடித்தேன்.
தலையாறு அருவிக்கு இன்னொரு பெயர்?
டாக்ஸி ஸ்டாண்டு அணி பஸ்ஸரைத் தொடவேயில்லை,
மூன்று பேரும் சேர்ந்து "எலிவால்" என்றார்கள்,
டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி
தினம் நாலு முறை சொல்கிற அலுப்போடு.
பழனி மூலவர் எதனால் ஆனவர்?
நவபாஷாணம் என்று எல்லா மேசையும் அலறியது.
"அப்படிச் சொல்வார்கள்" என்று
தாளில் இருந்ததையும் சேர்த்துப் படித்தாள்.

குறிஞ்சி,
என்று ஆரம்பிக்குமுன் மணி.
"பன்னிரண்டு வருஷம்!" அட்டுவம்பட்டி.
"இது இசைக் கேள்வி. எந்த மேளத்தில் பிறந்த ராகம்?"
யாரும் பேசவில்லை.
"சங்கராபரணம்."
பின்வரிசையில் ஹபீபா.
போட்டியில் இல்லாதவள். பேக்கரியில் பன் அடுக்குகிறவள்.
தம்பியைக் கூட்டிப்போக வந்து மாட்டிக்கொண்டவள்.
அத்தனை தலையும் திரும்பியதும்
"அடுப்புப் பக்கத்துல ரேடியோ" என்று
முந்தானையில் மாவைத் தேடித் துடைத்தாள்.
பார்வையாளருக்கு மதிப்பெண் கிடையாது.
பத்து போட்டேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

ஒன்பதரை. உறை காலி.
ஆமான் வாசலில் இருந்த டேலியாக்களை
முதல் தொட்டியில் தொடங்கி
வரிசை தவறாமல் தின்றுகொண்டு வந்தது.

அப்போதுதான் பூம்பாறை வேலப்பன்,
மாலை முழுக்க 'பாஸ்' மட்டுமே சொன்னவன்,
(அவன் பெயருக்கு நேரே
முட்டை, முட்டை, முட்டை)
எழுந்து நின்றான்.
"நான் ஒண்ணு கேக்கலாமா?
ஒரு மலைப்பூண்டுக்கு எத்தனை பல்லு?"

பெனட்டா விடைத்தாளைத் திருப்பினாள்.
மறுபக்கம் வெறும் வெள்ளை.
"பத்து."
"பன்னிரண்டு."
"எங்க மன்னவனூர்ல பதினாறு வரும்."
"அது பூண்டா? வெங்காயம்யா அது!"
ஒரு நாற்காலி மல்லாந்தது.
சூசைராஜ் தன் காய்கறிப் பையிலிருந்து
நிஜமாகவே ஒன்றை எடுத்து உரிக்க,
தோல் சரசரப்பதை ஒலிபெருக்கி
அரங்கம் முழுக்கச் சொன்னது.
எண்ணினோம். ஒன்பது.
வேலப்பன் மோந்து பார்த்தான்.
"வடநாட்டுப் பூண்டு. செல்லாது."

மறுபடி சண்டை.

அது எப்போது போனதென்று தெரியாது.
பத்தேகாலுக்குக் கதவைத் திறந்தபோது
விளக்கு, பனி, பூவில்லாத ஏழு தொட்டி.
வெளியே வந்த பிறகும்
யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
வாசலில் அதே இடத்தில் நின்று
கத்திக்கொண்டிருந்தோம்.

பலகையை மறுநாள்தான் துடைத்தேன்.
வேலப்பன் பெயருக்கு நேரே
முட்டைகளுக்கு அடுத்து
ஒரு கேள்விக்குறி இருந்தது.
என் கையெழுத்துதான்.
எப்போது போட்டாய் என்றால்
பாஸ்.