விட்டது சரி

வாழைச்சேனை ஐஸ் பக்டரியின் பின்னறை.
ஆழ்கடல் போன வள்ளங்கள் வர
இன்னும் மூன்று மணித்தியாலம்.
மேசை என்பது கவிழ்த்த மீன்பெட்டி.
பணம் என்பது சோடா மூடி.
"காசு வச்சா நான் எழும்பிருவன்" என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்
ஏலக் கணக்கு எழுதும் நசூர்தீன்.

மூடிதானே என்று நினைக்காதீர்கள்.
போன மாரியில் ஒரு மூடிக்காக
ஸ்பனரை எறிந்திருக்கிறேன்.
சுவரில் இன்னும் அந்தப் பள்ளம்.
மெஷின் பார்க்கும் ரொசைரோ அதற்குப் பெயர் வைத்தான்:
புவிராசன் துறைமுகம்.

அப்போதெல்லாம் எந்தக் கை வந்தாலும் ஆடுவேன்.
இரண்டும் ஏழும் வந்தாலும் உள்ளே போவேன்,
எஞ்சினில் கை விட்டவன்
பாதியில் எடுக்கலாமா என்று.
எடுக்கலாம்.
அதைப் படிக்கப் பதினொரு மாதம் போனது.

ரொசைரோ பொய்யாக மூடி தள்ளும்போது
பைலா ஒன்றைப் பாதியில் தொடங்கிப் பாதியில் விடுவான்.
சீட்டு நிசமாய் இருந்தால்
வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.
இதைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன்.
நசூர்தீன் சிரித்தார்:
"உனக்கு நல்ல சீட்டு வந்தா
பிளேன்டீயக் குடிக்க மறந்திருவாய்.
மூணு மாசமா நாங்க
உன்ட கோப்பையத்தான் பாக்கிறம்."

மறுகா ஒரு கொப்பி வாங்கினேன்.
வென்றது, தோற்றது எழுதுவதில்லை.
சரியாக யோசித்தேனா, அது மட்டும்.

நேற்றிரவு
என் கையில் இரண்டு கலாவரை, நடுவில் இரண்டு.
இன்னொன்று விழுந்தால் எல்லாம் எனக்கு.
காணாத சீட்டு நாற்பத்தாறு,
அதில் கலாவரை ஒன்பது.
ஐந்து தரம் கேட்டால் ஒரு தரம் வரும்.
ரொசைரோ ஆறு மூடி தள்ளினான், பேசாமல்.
அதையும் சேர்த்து நடுவில் பதினேழு.
கணக்கு வேண்டாம் என்றது.
நெஞ்சு டீசல் பம்ப் மாதிரி
போ, போ, போ என்றது.
ஒரு மூச்சு இழுத்து விட்டு
சீட்டைக் கவிழ்த்தேன்.
நசூர்தீன் போனார்.

கடைசிச் சீட்டு கலாவரை எட்டு.

இருவரும் என்னைப் பார்க்கவில்லை.
ஸ்பனரைப் பார்த்தார்கள்.

நான் கொப்பியைத் திறந்தேன்.
'விட்டது சரி.'
எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
அழிக்கவில்லை.

விடிய, முதல் வள்ளத்து முதலாளி
இறங்கும்போதே கத்தினார்,
எஞ்சினை நான்தான் கெடுத்தேனாம்.
டீசலில் தண்ணீர்; மணத்திலேயே தெரிந்தது.
அவர் முடிக்கும்வரை நின்றேன்.
அவர் தோளுக்குப் பின்னால்
வாவி மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது,
ஒரு கொக்கு காலை மாற்றி வைத்தது.
இவ்வளவையும் பார்க்க நேரம் இருந்தது.

வீட்டில் யோகமலர் பால் தேத்தண்ணி வைத்தாள்.
"தோத்தா வந்திருக்கீங்க?"
"ஓம். பதினாலு மூடி."
அவள் நம்பவில்லை.
என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.
கோப்பையைப் பார்த்தாள்,
ஆடை கட்டியிருந்தது.