டெமேஜ்

மூலை கிழிந்தது, காற்றுப் புகுந்தது,
லேபல் கோணலாய் ஒட்டியது:
கடைகள் திருப்பியதையெல்லாம்
டெமேஜ் என்று பில்லில் எழுதி
வீட்டுக்குக் கொண்டுவருவார் குணசீலன்.
கண்டியிலிருந்து நானுஓயா வரை
பதினொரு வருடம் குளிர்ப்பெட்டி லொறி.
"கிழிசல் உறையிலதான். உள்ள நல்லா இருக்கு."

லயத்தில் எங்கள் காம்பரா எண்ணெய்தான் முதலில் மணக்கும்.
இளஞ்சிவப்பு விரல்களைக் கீறிச் சட்டியில் போட்டால்
பூப்போல் விரியும் சோசேஜஸ்.
பக்கத்துக் காம்பரா நிரோஷன்
பென்சில் கேட்டு வந்து நிற்பான்,
காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டே.
அவனுக்கும் ஒன்று.
மற்ற வீடுகளில் டின்மீனே சம்பள நாளில்தான்.
பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

நுவரெலியாவில் கமெரா விட்டுப் பார்த்து
மகரகமவுக்கு எழுதினார்கள்.
எங்கள் தோட்டத்தில் அது ஊர்ப் பெயரில்லை.

அங்கே ஒரு டொக்டர், சின்ன வயது,
"கிழமைக்கு எத்தனை நாள்?" என்றார்.
இவர் என்னைப் பார்த்தார்.
கொழுந்து நிறுக்கையில் கால் கிலோவை விடாதவள் நான்.
"ஏழு," என்றேன்.

தினமும் ஐம்பது கிராம் தின்றால்
பதினெட்டு வீதம் கூடுமாம்.
"எதிலருந்து பதினெட்டு?"
அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
நூறு பேரில் ஐந்து பேருக்கு வருமென்று வையுங்கள்,
அது ஆறாகும்.
"அந்த ஆறாவது ஆளா இவரு?"
அது யாருக்கும் தெரியாது, அம்மா.
பீடி உண்டா, சாராயம் உண்டா, உட்கார்ந்தே வேலையா...
எல்லாம் உண்டு.

கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முனகியபோது
முன் சீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஆறாவதாய் ஒரு பெண்பிள்ளை தூங்கினாள்,
மடியில் பாதி கடித்த பணிஸ்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

இப்போது அவர் வயிற்றோரம் ஒரு பை.
மூலை கிழியாமல், காற்றுப் புகாமல்,
கோணாமல் ஒட்டப் பழகிவிட்டேன்.

நேற்று அவர் லொறியை ஓட்டும் புதுப் பையன்
இறங்கி வந்து இரண்டு பாக்கெட்டு நீட்டினான்.
"அண்ணனுக்கு. டெமேஜ்."
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.
எறியவும் கை வரவில்லை, விலை எனக்குத் தெரியும்.
மேசையில் கிடந்து உருகித்
தண்ணீர் ஓடியது.

லீக்ஸும் பருப்பும் அடுப்பில்.
வாசலில் நிரோஷன், காதில் பென்சில்.
"அத்தை, பென்சில் இருக்கா?"

ஒன்றைத் தேடியெடுத்துக் கூர்சீவிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு
போகாமல் நின்றான்.