இரட்டைப்படை

திபிலீசியில் செத்தவருக்கு இரட்டைப்படையில்தான் பூ.
ஆறு ரோஜா வாங்கினாள் லம்சிரா.
தெங்கிஸின் பெட்டியில் ஐந்துதான் வைத்தாள்.

பின்னால் நின்ற முன்னாள் நாத்தனார் எண்ணிவிட்டாள்.
ஐந்து, உயிரோடிருப்பவர் கணக்கு.
வாயைத் திறக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆறாவது, கோட்டுப் பைக்குள்
முள்ளால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுப்படியில் முதலில் பூவை வெட்டினாள்.
அதுதான் கஷ்டம்.
அத்தனை சிவப்பு, பேரம் பேசாமல் வாங்கியது.
ஆனால் தண்டு அதற்கே ஊட்டிக்கொண்டிருந்தால்
வேர்விட நேரம் ஏது?

கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு.
இலை இரண்டு போதும், அவற்றிலும் பாதி.
தேனில் தொட்டு ஈரமணலில் குத்தி
பிளம் குழம்பு தீர்ந்த புட்டியைக் கவிழ்த்தாள்.
எத்தனை கழுவியும் பூண்டு வாசம்.

பிறகு, ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும்.
லம்சிராவுக்கு வராத வேலை.
ஒன்பதாம் நாள் பிடுங்கிப் பார்த்தாள். இல்லை.
திட்டிக்கொண்டே திரும்ப நட்டாள்,
தண்டையா,
பதினோரு வருடம் கூட இருந்துவிட்டு
எதிர்த்தெருவுக்குக் குடிபோனவனையா?

பனி பெய்தது.
புட்டி வேர்த்தது.
தண்டு வேர்த்ததா என்று
புட்டி சொல்லவில்லை.

மார்ச்சில் அழைக்காமலே வந்தாள் நூனு.
சன்னலோரம் எலிக்காதளவு தளிர், கருஞ்சிவப்பு.
குனிந்து பார்த்தாள். நிமிர நேரமாயிற்று.
"அன்றைக்குக் குறைந்தது இதுதானா?"

லம்சிரா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"பிழைத்தால் எனக்கும் கொம்பு வெட்டித் தா."

"ஒன்றுதான் தருவேன்" என்றாள்.